அடிவெள்ளை

கறுப்புத் துணிக்கு வண்ணம் ஆகாது.
மஞ்சளை நேராக அதன்மேல் இழுத்தால்
குடித்துவிட்டுப்
பாசித் தண்ணீர் மாதிரி ஒன்றைத் திருப்பித் தரும்.
ஆகவே முதலில் வெள்ளை.
யாரும் பார்க்கப்போகாத வெள்ளை.

பாண்டுங், சூச்சித் தெரு.
வாசலுக்கு வாசல் அச்சுக்கூடம்.
எங்களுடையது பஞ்சர் கடைக்குப் பின்னால்.
பெருமழை வந்தால் ஸ்கிரீன்களை மேசைமேல் ஏற்றுவோம்,
பிறகுதான் நாங்கள் ஏறுவோம்.

சனிக்கிழமை கச்சேரி. நூற்று நாற்பத்து நான்கு சட்டை.
தொண்டையிலிருந்து உறுமிப் பாடுகிற சாத்ரியா
கைபேசியில் படத்தைக் காட்டினான்:
மூங்கில் காட்டைக் கிழித்துக்கொண்டு வரும் புலி,
பல்லில் எச்சில் மின்ன,
ஒவ்வொரு மீசைமயிருக்கும் தனி வெளிச்சம்.
"எத்தனை கலர் வரும், தேஹ் இமாஸ்?"
பார்க்கிறவனுக்கு ஆயிரம்.
எனக்கு ஏழு.

ஏழாகப் பிரித்தபின் அதில் புலி கிடையாது.
சிவப்பில் ஒரு நாக்கு, காதோரம் கொஞ்சம்.
நீலத்தில், விலாவில் படிந்த சாயங்காலம்.
எல்லாமே புள்ளி. கொசு மிதித்தது போல.
அருகருகே நின்று
கண்ணை ஏய்க்கிற வேலை அவற்றுக்கு.

"கறுப்பு மை எங்கே?" என்றான்.
கறுப்பு சட்டையிலேயே இருக்கிறது, தம்பி.
புலியின் வரிகளை நாங்கள் போடுவதில்லை.
விட்டுவிடுகிறோம்.
தலையைச் சொறிந்தான்,
முன்பணம் எண்ணினான்.

எங்குஸ் இழுப்பான், நான் மாட்டிக் கழற்றுவேன்.
வெள்ளை.
சூடு காட்டு, எட்டு எண்ணு, சுண்டுவிரலால் தொடு.
மஞ்சள். ஆரஞ்சு. சிவப்பு. நீலம். சாம்பல்.
கடைசியில் மறுபடி வெள்ளை,
பல்லுக்கும் மீசைக்கும் மட்டும்.
அது மினுக்குகிற வெள்ளை, பெயர் வாங்குகிற வெள்ளை.
அடியில் கிடப்பதை
எப்போதும் ஒரு மயிரிழை குறைத்தே வெட்டுவேன்.
உள்பாவாடை போல.
எட்டிப்பார்க்கக் கூடாது.

அறுபத்தோராவது சட்டையில் எட்டிப்பார்த்தது.

எந்தத் திருகு எப்போது தளர்ந்ததோ.
நான் கவனிப்பதற்குள் பதினொன்று போய்விட்டன,
புலிக்கு இடப்பக்கம் முழுக்க உறைபனி,
மூங்கிலுக்கும் குளிர்.
"இருட்டில் குதிக்கப்போகிற கூட்டம்,
யார் குனிந்து பார்ப்பார்கள்?" என்றான் எங்குஸ்.
அவன் சொன்னது சரிதான்.
சரியாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.
ஒதுக்கிவைத்தேன்.
அந்த வார மீன் அதோடு போயிற்று.

ராத்திரி பத்து மணிக்கு எதிர்க்கடையில்
பதினோரு கறுப்புச் சட்டை கடனாக வாங்கினேன்.
ட்யூப்லைட் அடியில் விரித்தால்
அது வேறு கறுப்பு.
எங்களுடையதில் லேசாகத் தவிட்டு நிறம்,
இதில் நீலம் ஒரு சொட்டு.
ஆக, அந்தக் கூட்டத்தில் பதினோரு புலிகளுக்கு
வரிகள் மட்டும் வேறு காடு.
சாத்ரியாவிடம் சொல்லவில்லை.
இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கெட்டுப்போனவை வீணாகவில்லை.
எந்த வேலை வந்தாலும்
முதல் இழுப்பு அவற்றின்மேல்தான்:
ஒரு மீட்பந்துக் கடையின் கிண்ணம்,
எவனோ தேர்தலில் நிற்கிறவனின் மீசையும் எண்ணும்,
இரண்டாயிரத்து ஒன்பதில் படித்தவர்கள் கூடுகிற நாள்.
ஒன்றின்மேல் ஒன்று, சாய்ந்தும் தலைகீழாகவும்.
சட்டை தகரம் போல விறைத்துக்கொண்டது.

அதில் ஒன்றை எங்குஸ் எடுத்துக்கொண்டான்.
மழைக்கு நல்லதாம், தண்ணீர் இறங்காதாம்.
நேற்று சிக்னலில் எனக்கு முன்னால் நின்றான்,
ஸ்கூட்டரில், முதுகு நனைந்து.
கிண்ணத்துக்கும் வேட்பாளருக்கும் நடுவே
ஒரு கண், மஞ்சள்,
இன்னும் பளிச்சென்று.
அடியில் வெள்ளை இருக்கிறதே.

பச்சை விழுந்தது.
ஹார்ன் அடித்தேன்,
அவன் திரும்பவில்லை.